கைவிடப்பட்ட மனைவியருக்கு வழி கண்ட மார்க்க மேதை
மௌலானா அஷ்ரப் அலி தானவி (ரஹ்) அவர்களின் வாழ்வும் பணியும்

இஸ்லாத்தில் திருமணம் என்பது இருவர் மனமொப்பி ஏற்றுக்கொள்ளும் உறுதிமிக்க உடன்படிக்கையாகும். அதனால் கணவனுக்கு உரிமைகள் உண்டு. மனைவிக்கும் உரிமைகள் உண்டு. மனைவியை நல்ல முறையில் வைத்து வாழ்வது, அது இயலாதபோது நல்ல முறையில் பிரிந்துவிடுவது என்னும் இரண்டு வழிகளே ஒரு முஸ்லிமுக்கு உரியவை. வாழவும் வைக்காமல், விடுவிக்கவும் செய்யாமல் ஒரு பெண்ணை அந்தரத்தில் தொங்கவிடும் மூன்றாவது வழியைத் திருமறை வன்மையாகத் தடுத்திருக்கிறது.

ஆயினும், அந்த மூன்றாவது வழி ஒரு காலத்தில் இந்திய நாட்டின் எத்தனையோ முஸ்லிம் இல்லங்களில் நடைமுறையாகிவிட்டது. கணவன் ஊரைவிட்டுப் போய்விடுவான்; பல்லாண்டுகள் கழிந்தும் அவன் இருக்கின்றானா இறந்தானா என்பதே தெரியாது. மற்றொருவன் உள்ளூரிலேயே இருப்பான், ஆனால் மனைவிக்குச் சோறும் இல்லை, துணியும் இல்லை, தலாக்கும் இல்லை. இத்தகைய பெண்கள் தந்தை வீட்டின் ஒரு மூலையில் கண்ணீரோடு காலம் தள்ளினர். அவர்களுடைய துயரைத் தீர்க்க ஷரீஅத்தின் எல்லைக்குள்ளேயே வழி தேடிக் கண்டவர், தம் காலத்தின் தலைசிறந்த ஹனபி மார்க்க அறிஞர்களுள் ஒருவரான மௌலானா அஷ்ரப் அலி தானவி (ரஹ்) அவர்கள்.

பிறப்பும் கல்வியும்

வட இந்தியாவில், அந்நாளில் முசப்பர்நகர் மாவட்டத்தைச் சேர்ந்திருந்த தானா பவன் என்னும் சிற்றூரில் ஹிஜ்ரி 1280இல், அதாவது கி.பி. 1863ஆம் ஆண்டில், மௌலானா அவர்கள் பிறந்தார்கள். தந்தையார் அப்துல் ஹக் அவர்கள் செல்வ வளம் படைத்தவர். அன்னையை இளம் வயதிலேயே இழந்துவிட்ட மைந்தரைத் தந்தையார் மிகுந்த பரிவுடன் வளர்த்தார். உலகக் கல்வியில் புகுத்திப் பதவிகளைத் தேடித் தர வசதியிருந்தும், மூத்த மைந்தராகிய இவரை மார்க்கக் கல்விக்கே ஒப்படைத்தார்.

1866ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்ற தேவ்பந்து தாருல் உலூம் கலாசாலையில் பயின்று, 1884ஆம் ஆண்டளவில் கல்வியை நிறைவு செய்த மௌலானா அவர்கள், கான்பூர் நகரில் ஆசிரியராக அமர்ந்தார்கள். சுமார் 14 ஆண்டுகள் அங்கே பாடம் போதித்தார்கள். இதற்கிடையில், தம் ஊரிலிருந்து புனித மக்காவுக்குச் சென்று குடியேறியிருந்த ஞானப் பெரியார் ஹாஜி இம்தாதுல்லாஹ் (ரஹ்) அவர்களின் கரம்பற்றி ஆன்மிக வழியிலும் பயிற்சி பெற்றார்கள். 1897ஆம் ஆண்டளவில் கான்பூரை விட்டுத் தானா பவனுக்கே திரும்பி, தம் ஞானாசிரியரின் பழைய கான்காஹில் அமர்ந்துவிட்டார்கள். அதன்பின் ஏறக்குறைய 46 ஆண்டுகள் அச்சிற்றூரே அவர்களின் பணிக்களம். நாட்டின் பல மூலைகளிலிருந்தும் மக்கள் அவர்களைத் தேடி அங்கே வந்தனர். வர இயலாதோர் கடிதங்கள் எழுதினர். தப்ஸீர், பிக்ஹு, தஸவ்வுப் எனப் பல துறைகளிலும் நூற்றுக்கணக்கான நூல்கள் அங்கிருந்து வெளிவந்தன. ஹகீமுல் உம்மத், அதாவது சமுதாயத்தின் மருத்துவர் என்று மக்கள் அவர்களைப் போற்றினர்.

இல்லத்தில் தொடங்கிய நீதி

திருமணத்தைப் பற்றிப் பிறருக்குச் சொல்லுமுன் மௌலானா அவர்கள் தம் குடும்பத்திலேயே கணக்குப் பார்க்கத் தொடங்கினார்கள். தந்தையார் ஒன்றுக்கு மேற்பட்ட திருமணங்கள் செய்தவர். அந்த மனைவியருக்கு உரிய மஹர் முழுவதும் கொடுக்கப்பட்டதா என்னும் ஐயம், தந்தையார் மறைந்தபின் மௌலானா அவர்களுக்கு எழுந்தது. அக்காலத்தில் பெருந்தொகையாக மஹரை வாயால் சொல்லிவிட்டு, பின்னர் அதனை யாரும் நினைத்துப் பார்க்காமல் விட்டுவிடுவது செல்வர் குடும்பங்களிலும் வழக்கமாக இருந்தது. மௌலானா அவர்களோ, கொடுக்கப்படாத மஹர் கணவன்மீது நிற்கும் கடனே என்றும், கடனைத் தீர்த்த பின்னரே சொத்து வாரிசுகளைச் சேரும் என்றும் கருதினார்கள்.

அப்பெண்மணிகள் காலமாகியிருந்தனர், அவர்களின் வாரிசுகளோ பல ஊர்களில் சிதறியிருந்தனர். ஒவ்வொருவரையும் தேடிக் கண்டுபிடித்து, வாரிசுரிமைச் சட்டப்படி பங்கு பிரித்து, தம் கைக்கு வந்த சொத்தின் அளவுக்கு உரியதைத் தம் பொறுப்பில் அனுப்பி வைத்தார்கள். பங்கு பிரிந்து பிரிந்து சிலருக்குச் சில காசுகளே கிடைத்தன என்றும், அச்சிறு தொகையையும் விடாமல் சேர்ப்பித்தார்கள் என்றும் அவர்களின் வரலாற்றை எழுதியோர் குறிப்பிடுகின்றனர்.

மௌலானா அவர்களுக்கு மனைவியர் இருவர், மக்கட்பேறு வாய்க்கவில்லை. இரு மனைவியர்க்கிடையே நீதி காப்பது எளிதன்று என்பதை நன்குணர்ந்த அவர்கள், தமக்கு வரும் பொருள்களைச் சரி பாதியாகப் பிரிப்பதற்காகவே ஒரு தராசை வைத்திருந்தார்கள் என்பது பலரும் அறிந்த செய்தி. ஒரு வீட்டில் தங்கும் வேளையில் மறு வீட்டாருக்குரிய நேரம் குறைந்துவிடாதபடி கவனமாக இருந்தார்கள். பலதார மணத்தை உரிமையாக மட்டுமே பார்த்து, அதனோடு பிணைந்துள்ள கடமையை மறந்துவிடுவோருக்கு அத்தராசு ஒரு மௌனமான போதனை அன்றோ!

சடங்குகளைச் சாடியவர்

முஸ்லிம் திருமணங்களில் புகுந்துவிட்ட வீண் சடங்குகளையும் ஆடம்பரச் செலவுகளையும் மௌலானா அவர்கள் கடுமையாகக் கண்டித்தார்கள். வழக்கங்களைச் சீர்திருத்துவதற்காகவே இஸ்லாஹுர் ருஸூம் என்னும் நூலை எழுதினார்கள். பெண்கள் எளிதில் படித்தறியும் உர்தூ நடையில், பஹிஷ்தீ ஜேவர், அதாவது சுவனத்து அணிகலன் என்னும் பெருநூலையும் பல பாகங்களாக வெளியிட்டார்கள். தொழுகை, நோன்பு முதல் நிக்காஹ், மஹர், தலாக், குலா, இத்தா ஈறாக ஒரு முஸ்லிம் பெண் அறிந்திருக்க வேண்டிய சட்டங்கள் அதில் இடம் பெற்றன. தன் உரிமையும் கடமையும் என்னவென்று அடுத்தவர் வாயால் கேட்டறியும் நிலையிலிருந்த பெண்ணுக்கு, தானே படித்துத் தெரிந்துகொள்ளும் வாய்ப்பு அதனால் கிட்டியது.

மௌலானா அவர்களைப் புதுமைவாதி என்று கருதிவிடக் கூடாது. பெண் இல்லத்தைப் பேணுவதும் கணவனுக்குக் கட்டுப்பட்டு நடப்பதுமே சிறப்பு என்பது அவர்களின் உறுதியான கொள்கை. இன்று அந்நூல்களைப் படிப்போருள் பெண்ணின் பணியை மௌலானா அவர்கள் மிகவும் குறுகிய வட்டத்துக்குள் வகுத்துவிட்டார்கள் என்று எண்ணுவோரும் உண்டு. மத்ஹபைப் பின்பற்றுவதிலும் அவர்கள் சிறிதும் தளர்வு காட்டாதவர்கள். விரும்பியபோது ஒரு மத்ஹபிலும் வேண்டாதபோது மற்றொன்றிலும் புகுந்து கொள்வதை மார்க்கத்தோடு விளையாடுவதாகவே கருதினார்கள். அத்தகைய ஒருவரே பின்னாளில் மற்றொரு மத்ஹபின் வாயிலைத் தட்ட நேர்ந்தது என்றால், நிலைமை எவ்வளவு கடுமையாக இருந்திருக்க வேண்டும்!

காஜிகள் இல்லாத காலம்

ஹனபி மத்ஹபின்படி தலாக் கூறும் அதிகாரம் கணவனிடம் உள்ளது. மனைவி குலா கேட்கலாம். ஆயினும் அதற்கும் கணவனின் இசைவு வேண்டும். கணவன் ஆண்மையற்றவனாக இருத்தல் போன்ற மிகச் சில காரணங்களுக்கு மட்டுமே காஜியார் தலையிட்டு மணத்தை முறிக்க இயலும். காணாமற் போனவனின் மனைவி நிலையோ இன்னும் கடினம். அவன் வயதையொத்தவர்கள் எல்லாம் மறையும் காலம் வரை அவள் காத்திருக்க வேண்டும் என்பதே ஹனபி சட்டத்தின் பழைய நிலை. அக்காலத்தை அவனுடைய 90ஆம் வயது என்று சட்ட அறிஞர் பலர் வரையறுத்தனர். இருபது வயதுப் பெண்ணொருத்தியின் இளங்கணவன் காணாமற் போய்விட்டால், அவளுடைய வாழ்நாளே அக்காத்திருப்பில் கழிந்துவிடும்.

மாலிகி மத்ஹபில் நிலைமை வேறு. இரண்டாம் கலீபா ஹஜ்ரத் உமர் (ரலி) அவர்கள், காணாமற் போனவனின் மனைவிக்கு நான்கு ஆண்டு காலம் தவணை விதித்துத் தீர்ப்பளித்திருந்தார்கள். அத்தீர்ப்பை அடிப்படையாகக் கொண்டு இமாம் மாலிக் (ரஹ்) அவர்கள் சட்டம் வகுத்தார்கள். மனைவிக்குச் செலவுக்குக் கொடாமல் வம்பு செய்பவனைக் காஜியார் அழைத்து விசாரித்து, அவன் திருந்தாவிட்டால் மணத்தைப் பிரித்து வைக்கவும் அம்மத்ஹபில் இடமுண்டு.

ஆனால் எந்த மத்ஹபாயினும் தீர்ப்பளிக்க ஒரு முஸ்லிம் காஜியார் வேண்டுமே! ஆங்கில அரசு 1864ஆம் ஆண்டுச் சட்டத்தின் மூலம் நீதிமன்றங்களிலிருந்த காஜி பதவியை ஒழித்துவிட்டது. 1880ஆம் ஆண்டுச் சட்டம் காஜிகளை நியமிக்க மீண்டும் வழி செய்ததாயினும், தீர்ப்புக் கூறும் அதிகாரத்தை அவர்களுக்கு அளிக்கவில்லை. சட்டம் ஏட்டில் இருந்தது. அதனை நிறைவேற்ற ஆள் இல்லை. இரண்டுக்கும் இடையே அகப்பட்டுக்கொண்டவள் பெண்.

நெஞ்சை உலுக்கிய செய்தி

போக்கிடமற்ற சில பெண்கள் ஒரு விபரீத முடிவுக்கு வந்தனர். மனைவி மதம் மாறிவிட்டால் மணம் முறிந்துவிடும் என்பது ஹனபி நூல்களில் காணப்படும் ஒரு சட்டம். நீதிமன்றங்களும் அதனை ஏற்றுத் தீர்ப்பளித்து வந்தன. கொடிய கணவனிடமிருந்து தப்புவதற்காக, உள்ளத்தில் ஈமான் இருக்கும்போதே இஸ்லாத்தை விட்டு விலகியதாக அறிவிக்கும் அவலம் பஞ்சாப் முதலிய பகுதிகளில் நிகழலாயிற்று. அல்லாமா இக்பால் அவர்களும் 1930ஆம் ஆண்டில் நூலாக வெளிவந்த தம் சொற்பொழிவுகளில் இதனைச் சுட்டிக் காட்டி, மார்க்கத்தைக் காக்க வேண்டிய சட்டமே இவ்வாறு பயன்படுவது தகுமா எனக் கவலை தெரிவித்திருந்தார்.

மௌலானா அவர்களும் மதமாற்றத்தால் மணம் முறியும் என்னும் பழைய சட்டத்தையே முந்தைய ஆண்டுகளில் தம் பத்வாவில் கூறியிருந்தார்கள். ஆனால் நாட்டில் நிகழ்வன தெரிய வந்தபோது, பழைய விடையை எடுத்துரைப்பதோடு தம் கடமை முடிந்துவிடவில்லை என்று உணர்ந்தார்கள். மதம் மாறிய பெண்ணைக் கடிந்துரைப்பது எளிது. எந்த நெருக்கடி அவளை அவ்வாயில் வரை தள்ளிற்று என்று ஆராய்வதே அரிது. மௌலானா அவர்கள் அரிய வழியையே மேற்கொண்டார்கள்.

ஹீலத்துன் நாஜிஸா

அப்போது மௌலானா அவர்களுக்கு வயது எழுபதை நெருங்கிக் கொண்டிருந்தது. தம்மிடம் பயின்ற மார்க்க அறிஞர்களான முப்தி முஹம்மது ஷபீ, முப்தி அப்துல் கரீம் ஆகியோரைத் துணையாகக் கொண்டு ஆராய்ச்சியில் இறங்கினார்கள். மாலிகி மத்ஹபின் சட்டத்தைப் பிறர் எழுதிய சுருக்கங்களிலிருந்து எடுத்துக்கொள்ள அவர்கள் உடன்படவில்லை. ஹிஜாஸ் நாட்டில் வாழ்ந்த மாலிகி முப்திகளுக்கே வினாக்களை அனுப்பி, ஐயங்களைத் திரும்பத் திரும்பக் கேட்டு விடைகளைப் பெற்றார்கள். தேவ்பந்து, சஹாரன்பூர் உலமாக்களிடமும் காட்டி அவர்களின் கருத்தையும் ஒப்புதலையும் பெற்றார்கள். தனியொருவரின் துணிச்சலாக இது நின்றுவிடக் கூடாது; உலமாக்கள் கூடி எடுத்த முடிவாக அமைய வேண்டும் என்பது அவர்களின் நோக்கம்.

இம்முயற்சியின் விளைவாக 1930களின் தொடக்கத்தில் வெளிவந்ததே அல்-ஹீலத்துன் நாஜிஸா என்னும் நூல். இயலாத நிலையிலுள்ள மனைவிக்குப் பயன் தரும் வழி என்பது அந்நூற்பெயரின் கருத்து. அதில் மூன்று செய்திகள் சிறப்பாக நோக்கத் தக்கவை.

முதலாவது, நோய் வருமுன் காக்கும் வழி. நிக்காஹ் ஒப்பந்தத்திலேயே மணமகன் சில நிபந்தனைகளை ஏற்று, அவற்றை மீறினால் தன்னை விடுவித்துக்கொள்ளும் அதிகாரத்தை மனைவியிடம் ஒப்படைக்கலாம். இதனைத் தப்வீளுத் தலாக் என்பர். இது ஹனபி மத்ஹபிலேயே உள்ள சட்டம், மக்கள்தாம் மறந்திருந்தனர். நிக்காஹுக்கு முன்னும், நிக்காஹ் வேளையிலும், அதற்குப் பின்னும் இவ்வொப்பந்தத்தை எவ்வாறு எழுத வேண்டும் என மௌலானா அவர்கள் விளக்கி, மாதிரி வாசகங்களையும் வகுத்துக் கொடுத்தார்கள்.

இரண்டாவது, துயரில் ஆழ்ந்துவிட்டவர்களுக்கான வழி. காணாமற் போனவன், வசதியிருந்தும் ஜீவனாம்சம் கொடாதவன், மனநோய் கொண்டவன், ஆண்மையற்றவன் எனக் கணவரின் நிலைகளைத் தனித்தனியே பிரித்து, ஒவ்வொன்றிலும் மனைவி என்ன செய்யலாம் என்று கூறினார்கள். தேவையான இடங்களில் மட்டும், கடும் நெருக்கடி என்னும் காரணத்தால் மாலிகி சட்டத்தை ஏற்றார்கள். காணாமற் போனவனைப் பற்றி முறையாகத் தேடி விசாரித்து, நம்பிக்கையற்ற பின் நான்கு ஆண்டுத் தவணையும், அதன்பின் நான்கு மாதம் பத்து நாள் இத்தாவும் கழிந்தால் அவள் மறுமணம் செய்யலாம். முஸ்லிம் நீதிபதி கிடைக்காத ஊரில் என் செய்வது? மார்க்கப் பற்றும் நேர்மையும் உடைய முஸ்லிம்கள் குறைந்தது மூவர் கொண்ட ஒரு குழு, ஆலிம்களின் ஆலோசனையுடன் விசாரித்து ஒருமித்துத் தீர்ப்பளிக்கலாம் என்பது மாலிகி மத்ஹபில் உள்ள வழி. அதனையும் எடுத்துரைத்தார்கள். மனைவியின் குற்றச்சாட்டு நிரூபிக்கப்பட வேண்டும். கணவனுக்குத் திருந்தும் வாய்ப்பு அளிக்கப்பட வேண்டும் என்னும் காப்புகளையும் விடவில்லை.

மூன்றாவது, மதமாற்றம் பற்றியது. கணவனை விட்டு விலகுவதற்காக இஸ்லாத்தைத் துறப்பதனால் ஒரு பெண்ணுக்கு வேறொருவனை மணக்கும் சுதந்தரம் கிட்டாது என்று, ஹனபி அறிஞர்களின் கருத்துகளைக் கொண்டே நிலைநாட்டினார்கள். ஒரு பக்கம் தவறான வாயிலை அடைத்தார்கள். மறு பக்கம் நேரான வாயிலைத் திறந்தார்கள். நேரான வாயிலைத் திறவாமல் தவறான வாயிலை மட்டும் அடைத்திருந்தால் அது நீதியாகுமா? இதுவே அந்நூலின் உயிர்நாடி.

சட்டமன்றம் வரை சென்ற நூல்

மௌலானா அவர்களின் நூல் மதரஸாக்களுக்குள் அடங்கிவிடவில்லை. 1936ஆம் ஆண்டில் காஜி முஹம்மது அஹ்மத் காஸ்மி அவர்கள் மத்தியச் சட்டசபையில் முஸ்லிம் மணமுறிவு மசோதாவைக் கொண்டு வந்தார். ஹனபி சட்டத்தால் இன்னல் நேரும்போது பிற மத்ஹபுகளின் சட்டத்தைக் கைக்கொள்ள ஹனபி அறிஞர்களே இசைவளித்துள்ளனர் என்பதற்குச் சான்றாக, அம்மசோதாவின் நோக்க விளக்கத்தில் ஹீலத்துன் நாஜிஸா பெயர் குறித்தே காட்டப்பட்டது. 1939ஆம் ஆண்டின் 8ஆம் சட்டமாக அது நிறைவேறிற்று.

கணவனைப் பற்றி நான்கு ஆண்டுகள் தகவலின்மை, இரண்டு ஆண்டுகள் ஜீவனாம்சம் கொடாமை, ஏழு ஆண்டுகளோ அதற்கு மேலோ சிறைத் தண்டனை, தக்க காரணமின்றி மூன்று ஆண்டுகள் இல்லறக் கடமை தவறுதல், கொடுமைப்படுத்துதல் முதலிய காரணங்களுக்காக முஸ்லிம் மனைவி நீதிமன்றத்தில் மணமுறிவு கோரலாம் என்று அச்சட்டம் கூறிற்று. பல மனைவியர் உள்ளவன் திருமறை விதித்தபடி அவர்களை நீதியுடன் நடத்தாமையும் கொடுமையாகவே கொள்ளப்பட்டது. முஸ்லிம் பெண் மதம் மாறினாள் என்பதனால் மட்டும் மணம் முறியாது என்றும் விதிக்கப்பட்டது.

எனினும் உலமாக்களுக்கு மனநிறைவு முழுமையாகக் கிட்டவில்லை. இவ்வழக்குகளை முஸ்லிம் நீதிபதியே விசாரிக்க வேண்டும் என்று மசோதாவிலிருந்த பிரிவு நீக்கப்பட்டுவிட்டது. ஷரீஅத் தீர்ப்புக்கு முஸ்லிம் நீதிபதி இன்றியமையாதவர் என்பது மௌலானா அவர்களின் நூல் வற்புறுத்திய நிபந்தனை. இதனால் நீதிமன்றத் தீர்ப்போடு ஷரீஅத் முறைப்படியும் தீர்ப்புப் பெறுமாறு உலமாக்கள் அறிவுறுத்தலாயினர். 1921ஆம் ஆண்டில் பீகாரில் தோன்றிய இமாரத்தே ஷரீஆ போன்ற அமைப்புகளின் தாருல் கஜாக்கள் இத்துறையில் தொண்டாற்றி வருகின்றன.

மறைவும் மறையாத பணியும்

மௌலானா அவர்கள் 1943ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில், எண்பதாம் வயதில், தானா பவனிலேயே இறையடி சேர்ந்து அங்கேயே நல்லடக்கம் செய்யப்பெற்றார்கள். 1939ஆம் ஆண்டுச் சட்டம் இந்தியாவில் இன்றும் நடைமுறையில் உள்ளது. தொழுநோயைக் காரணமாகக் கூறியிருந்த பகுதி மட்டும் 2019ஆம் ஆண்டில் நீக்கப்பட்டது. ஹனபிகளும் ஷாபிஈகளும் கலந்து வாழும் நம் தமிழகத்து முஸ்லிம் பெண்களுக்கும் அச்சட்டம் உரியதே.

சட்டம் இருந்தும் துயரம் தீர்ந்துவிட்டதா என்று நாம் நம்மையே கேட்டுக்கொள்ள வேண்டும். தலாக் என்னும் சொல்லைச் சிலர் அவசரத்தில் வீசிவிடுகின்றனர். வேறு சிலரோ அதைச் சொல்லாமலேயே பெண்ணை வாட்டுகின்றனர். தலாக்கும் தரமாட்டேன், குலாவுக்கும் இசையமாட்டேன் என்று வஞ்சம் தீர்ப்பவன், ஷரீஅத் தனக்கு அளித்த பொறுப்பை ஆயுதமாக்கிக் கொள்கின்றான். அவனைத் தட்டிக் கேளாமல் ஒதுங்கி நிற்கும் ஜமாஅத்தும் அப்பாவத்தில் பங்கு கொள்வதாகவே அமையும்.

மௌலானா அவர்களின் வாழ்வு நமக்குச் சில கடமைகளை உணர்த்துகின்றது. மஹரை வெறும் பேச்சாக விடாமல் கையில் கொடுத்துவிட வேண்டும். நிக்காஹ் ஒப்பந்தத்தில் பெண்ணின் பாதுகாப்புக்குரிய நிபந்தனைகளை எழுதிக்கொள்ள மணமகன் வீட்டார் நாணக் கூடாது. கேட்பதற்குப் பெண் வீட்டாரும் அஞ்சக் கூடாது. கைவிடப்பட்ட பெண்ணொருத்தி மஹல்லா ஜமாஅத்தின் வாயிலுக்கு வந்து நின்றால், பொறுத்துப் போ என்னும் ஒரே சொல்லால் அவளைத் திருப்பி அனுப்பிவிடாமல், ஆலிம்களைக் கலந்து காலத்தோடு விசாரித்து முடிவு சொல்ல வேண்டும்.

ஷரீஅத்தில் வழி இல்லை என்று சொல்லுமுன், அவ்வழியை நாம் உண்மையாகவே தேடினோமா என்று சிந்தித்தல் வேண்டும். முதுமையிலும் தளராமல் தேடியவர் அப்பெரியார். அவர்களின் பிழைகளைப் பொறுத்து நற்பணிகளை ஏற்று வல்ல இறைவன் நற்பதவி அளிப்பானாக! நம் இல்லங்களில் அன்பையும் நீதியையும் நிலைக்கச் செய்வானாக! ஆமீன்.